ஏழாவது தாள்

அந்தச் சுவரொட்டியைப் பார்த்தீர்களா? போய்விட்டது. பரவாயில்லை, அடுத்த சுவரிலும் ஒட்டியிருப்பார்கள். திண்டிவனத்திலிருந்து இதோடு பதினொன்று. நான் எண்ணவில்லை, கண்ணில் படுகிறது. நடுவில் ஒரு வாத்தியார், கையில் அகல் விளக்கு, சுற்றிலும் குழந்தைகள். மேலே 'சிறந்த படம்' என்று கொட்டை எழுத்தில். 'விளக்கேற்றும் விரல்கள்'. பெயரைப் பாருங்கள்.

நீங்கள் பார்த்தாயிற்றா? பள்ளிக்கூடத்தில் அழைத்துப் போனார்களா? ஆசிரியரா நீங்கள்? சரி, சரி. அழுதிருப்பீர்கள். சொல்லுங்கள், தப்பில்லை. அழ வைப்பதற்கென்றே எடுத்த படம். வாத்தியார் ஆறு இடத்தில் அழுகிறார். ஆறு இடத்திலும் புல்லாங்குழல். ஒரு மனிதன் அழுவதை எத்தனை நேரம் காட்டலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. நான் எடிட்டர். முப்பத்துநான்கு வருஷம் அந்த வேலைதான் பார்த்தேன். கண்ணீர் கன்னத்தில் பாதி இறங்கும்போது வெட்டிவிட வேண்டும். முழுக்க இறங்கிவிட்டால் பார்க்கிறவனுக்கு வேலை இல்லை. இந்தப் படத்தில் கண்ணீர் தாடை வரைக்கும் போய், சொட்டி, விளக்கில் விழுகிறது. விளக்கு அணையவில்லை. அதற்கும் புல்லாங்குழல்.

மோசமான படம். இதை நான் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்த விருதைக் கொடுத்த ஏழு பேரில் நான் ஒருவன்.

இதையெல்லாம் வெளியே பேசக் கூடாது. பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எந்த விருது என்று நான் சொல்லப் போவதில்லை. சுவரொட்டியில் போட்டிருக்கிறது, அது வேறு விஷயம். நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? சீர்காழியா? நான் மயிலாடுதுறை. மணி என்ன? பத்தே முக்கால்தானா? கடலூரில் டிரைவர் பஸ்ஸை அவ்வளவு நேரம் நிறுத்தியிருக்க வேண்டாம்.

மயிலாடுதுறையில் என் மைத்துனன் வீடு. என் மனைவி அங்கே போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது. கூட்டிக்கொண்டு வரப் போகிறேன். வருவாளா என்று கேட்காதீர்கள். ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். அதைச் செய்தால் வருவாள். செய்துவிடலாம், பெரிய விஷயமில்லை. இரண்டு வாக்கியம். காலையில் கிளம்பும்போது அந்த இரண்டு வாக்கியமும் என்னிடம் இருந்தன.

முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் சபாநடேசன். மனைவி தையல்நாயகி. அவளுடைய தம்பி அமிர்தகடேசன், வீட்டில் கடேசன். அவளைவிடப் பத்து வயது சின்னவன். சினிமாவுக்கு என்று சென்னைக்கு வந்தவன், சாலிகிராமத்தில் எங்கள் வீட்டு மாடியில் தங்கினான். ஒரு மாதம் என்றுதான் பேச்சு. பதினோரு வருஷம் இருந்தான். நான் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. காலையில் அவன் இறங்கி வரும்போது, இன்றைக்கு எந்தக் கம்பெனி என்று கேட்பேன். அவ்வளவுதான். பேசிக்கிட்டிருக்கேன் அத்தான் என்பான். நானும் தலையாட்டுவேன். தினமும் கேட்டேன், அது உண்மை. அக்கறை இல்லாதவன் கேட்பானா? தையல்நாயகிக்கு அது பிடிக்காது. அவன் சாப்பிட்டு முடிச்ச பிறகு கேக்கக் கூடாதா என்பாள்.

நாற்பத்தெட்டாவது வயதில் அவன் ஒரு படம் எடுத்தான். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து. கேமரா இரவல், நடிகர்கள் நாடகக்காரர்கள். 'மாடிப் போர்ஷன்' என்று பெயர். என்னை எடிட் பண்ணச் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. எனக்கு அந்தப் புதுக் கம்ப்யூட்டர் எல்லாம் கை வராது என்று அவனே நினைத்திருப்பான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.

படத்தை வாங்க ஆளில்லை. ஒரு கம்பெனி மட்டும், விருது ஏதாவது வந்தால் சொல்லுங்கள், வெளியிடுகிறோம் என்றார்களாம். அதனால்தான் அனுப்பினான். அந்த வருஷம் பார்த்து என்னைக் குழுவில் போட்டார்கள். நான் கேட்டு வாங்கவில்லை. என்னைப் போல ஓய்வுபெற்ற டெக்னீஷியன்களை வருஷத்துக்கு ஒருவராகக் கூப்பிடுவார்கள்.

நீங்கள் அந்த இடத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சின்னத் தியேட்டர், முப்பது இருக்கை. காலையில் ஒன்பதுக்குப் போனால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வெளியே விடுவார்கள். ஐம்பத்துநான்கு படம், பதினெட்டு நாள். மூன்றாம் நாளே கண் எரியும். ஏழாம் நாள் எல்லாக் கதாநாயகிகளும் ஒரே முகமாகத் தெரிவார்கள். அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படமும் அரைமணி நேரம் ஓடியதும் விளக்கைப் போடுவார்கள். ஏழு பேரும் கை தூக்கினால் படத்தை அதோடு நிறுத்திவிடலாம். ஒருவர் தூக்காவிட்டாலும் முழுதும் ஓட்டியாக வேண்டும். முழுதும் ஓடிய படம் கடைசி ஓட்டுக்கு வரும். பாதியில் நின்றது வராது.

'விளக்கேற்றும் விரல்கள்' எப்படி உள்ளே வந்தது தெரியுமா? மதியச் சாப்பாடு முடிந்து போட்ட படம். அரைமணியில் விளக்கைப் போட்டார்கள். ஆறு பேர் கை தூக்கினோம். ஒருவர் இரண்டு கையையும் தூக்கினார். குழுத் தலைவர் தூக்கவில்லை. பழைய கேமராமேன், எண்பத்தொரு வயது, தலையை நெஞ்சில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியிருக்கலாம். யார் எழுப்புவது? அவர் ஸ்டுடியோவில் ஆர்க் விளக்கு வைத்துப் படம் பிடித்த காலத்தில் நாங்கள் பிறக்கவே இல்லை. அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் இருந்தார், குழுவின் செயலாளர். விதி என்றால் விதிதான். நோட்டில் எழுதிக்கொண்டார், தலைவர் கை தூக்கவில்லை என்று. படம் முழுதும் ஓடியது. இரண்டு மணி இருபது நிமிஷம். கடைசி அழுகைக்குத் தலைவர் விழித்தார். முடிந்துவிட்டதா, நல்லது என்றார்.

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். அடுத்த பத்து நாள் அந்தப் படம்தான் எங்களுக்கு வேடிக்கை. காபி ஆறிப்போயிருந்தால், விளக்கில் கண்ணீர் விழுந்துவிட்டது என்பார் ஒருவர்.

பதினோராம் நாள் 'மாடிப் போர்ஷன்'.

அந்தப் பெயர் வந்ததுமே நான் எழுந்து நின்றேன். இரத்த உறவு இருந்தால் சொல்ல வேண்டும் என்றுதான் அவர்கள் தாளில் இருக்கிறது. மைத்துனன் இரத்த உறவில்லை. நான் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை, கவனியுங்கள். ஆனாலும் சொன்னேன். இது என் மனைவியின் தம்பி எடுத்த படம், என் வீட்டில் இருந்தவன், இதை நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த ஊரில் இப்படி ஒரு மனிதர் என்றார். செயலாளர் அம்மாள் கூட நோட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மாதிரி ஒருவர் நம் கையைப் பிடித்துக்கொண்டால் கொஞ்ச நேரம் கை கனமாக இருக்கிறது, அது இயற்கை.

அவர் ஒன்று சொன்னார். உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் ஓட்டுப் போடும்போது நீங்கள் வெளியே இருக்கலாம், தப்பாக நினைக்க மாட்டோம் என்றார். நான் மாட்டேன் என்றேன். வெளியே போனால் என்ன அர்த்தம்? உள்ளே இருந்தால் இவன் நியாயமாக இருக்க மாட்டான் என்று அர்த்தம். நான் உள்ளே இருந்துகொண்டே நியாயமாக இருக்கிறவன்.

படம் போட்டார்கள்.

நல்ல படம். இதை நான் மறைக்கவில்லை. நல்ல படம். ஒருவன் அக்கா வீட்டு மாடியில் வருஷக்கணக்காக இருக்கிறான். வேலை தேடுகிறான். அவ்வளவுதான் கதை. அவனுக்குக் கீழ்வீடு முழுக்கச் சத்தமாகவே கேட்கிறது. குக்கர், குழாய், அக்கா வளையல். பதினாறு படி. எங்கள் வீட்டு மாடிக்கும் பதினாறு படிதான். சென்னையில் எல்லா வீட்டுக்கும் பதினாறு படிதான். அக்காவின் புருஷன் முகத்தையே காட்டவில்லை. அந்த ஆள் வெறும் சத்தம். செருப்புச் சத்தம், தொண்டையைச் செருமும் சத்தம். அந்தச் செருமல் கேட்டால் மாடியில் இருக்கிறவன் கையிலிருக்கிற டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பான். குடிக்க மாட்டான். ஒவ்வொரு தடவையும் அரங்கில் சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர் என் தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். படைப்பாளிக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. யாரையோ மனதில் வைத்து எடுத்திருப்பான்.

அரைமணியில் விளக்கைப் போட்டபோது ஒரு கை கூடத் தூக்கவில்லை. முடிந்த பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. தலைவர்தான் முதலில் பேசினார். என் பக்கம் திரும்பி, "யார் வீட்டுலயோ கதவுக்குப் பின்னால நின்னு எடுத்த மாதிரி இருக்குய்யா" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனேன். தையல்நாயகி கேட்டாள், இன்றைக்குத் தம்பி படமா என்று. ரகசியம் என்றேன். சாப்பிட்டேன். தொண்டை கட்டிய மாதிரி இருந்தது, மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

என்ன இது, ஏன் மெதுவாகப் போகிறான்? ரயில்வே கேட்டா? இந்த வழியில் எப்போதும் இப்படித்தான். மேம்பாலம் கட்டுகிறோம் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறார்கள். சிதம்பரம் இன்னும் வரவில்லையே.

சரி, ஓட்டு. கடைசி நாள். கவனமாகக் கேளுங்கள், இதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். மூன்று படத்தின் பெயரை வரிசையாக எழுத வேண்டும். முதலில் எழுதிய படத்துக்கு மூன்று புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு ஒன்று. எல்லாத் தாளையும் கூட்டி, அதிகம் எதுவோ அதுதான் சிறந்த படம். பேசிக்கொள்ளக் கூடாது.

பேசிக்கொள்ளாவிட்டாலும் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். மூன்று பேர் 'மாடிப் போர்ஷன்' பக்கம், தலைவரையும் சேர்த்து. மூன்று பேர் 'கடாரம் நோக்கி' பக்கம். அது பெரிய கம்பெனிப் படம். கப்பல், புயல், யானை. மோசம் என்று சொல்ல முடியாது, உழைத்திருக்கிறார்கள். மூன்று, மூன்று. நடுவில் நான்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மைத்துனன் படத்தை முதலில் எழுதினால், பார், உறவு விடவில்லை என்பார்கள். கப்பல் படத்தை முதலில் எழுதினால், பார், மைத்துனன் மேல் பொறாமை, கவிழ்த்துவிட்டான் என்பார்கள். எனக்கு அந்த இரண்டு பெயரும் வேண்டாம். நியாயமாக இருக்க வேண்டும். அதனால் யாருக்குமே சம்பந்தமில்லாத, யாருமே எழுதப் போகாத ஒரு படத்தை முதலில் எழுதினேன். என்னுடைய மூன்று புள்ளி யாரையும் தூக்காது, யாரையும் கவிழ்க்காது. காற்றில் போகும். மற்ற ஆறு பேரும் முடிவு செய்துகொள்ளட்டும். கடேசன் படத்தை இரண்டாவதாக எழுதினேன். நியாயம்தானே?

தலைவர் முதல் தாளைப் பிரித்தார். 'மாடிப் போர்ஷன்', 'விளக்கேற்றும் விரல்கள்', 'கடாரம் நோக்கி'. இரண்டாவதைப் பிரித்தார். 'கடாரம் நோக்கி', 'விளக்கேற்றும் விரல்கள்', 'மாடிப் போர்ஷன்'. மூன்றாவது. நான்காவது. புரிகிறதா? அவனவன் தனக்குப் பிடித்ததை முதலில் எழுதிவிட்டு, எதிராளி படத்தை மூன்றாவதாகத் தள்ள வேண்டும் என்று நினைத்திருக்கிறான். தள்ள வேண்டுமானால் நடுவில் ஒன்றை வைக்க வேண்டும். எதை வைப்பது? எல்லோரும் சிரித்த படம். இதை எவன் எழுதப் போகிறான், வைத்தால் ஆபத்தில்லை. ஆறு பேரும் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் கேட்காமல், அதே படத்தை இரண்டாவதாக எழுதியிருக்கிறார்கள்.

ஆறு தாள் முடிந்தபோது மூன்று படமும் பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு.

ஏழாவது தாள் என்னுடையது.

தலைவர் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் படித்தார். அழுகைப் படம் பதினைந்து. மற்ற இரண்டும் ஒன்று பதினான்கு, ஒன்று பதின்மூன்று. செயலாளர் அம்மாள் எழுதிக்கொண்டே போனார், முகத்தில் ஒன்றுமில்லை. இரண்டு கையைத் தூக்கினாரே, அவர் சிரித்துவிட்டார். பிறகு நிறுத்திக்கொண்டார். ஒருவர் சொன்னார், இது என்ன கூத்து, திரும்பவும் ஓட்டுப் போடுவோம் என்று. தலைவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், எழுதிக் கொடுத்த பிறகு மாற்றுவது முறையில்லை என்று. செயலாளர் அம்மாளும் ஆமாம் சார் என்றார். நியாயம் என்றால் கடைசி வரைக்கும் நியாயமாக இருக்க வேண்டும், இல்லையா? நடுவில் விட்டுவிட்டால் முன்னால் இருந்ததற்கும் மதிப்பில்லை.

காரில் ஏறும்போது தலைவர் என்னிடம் சொன்னார். மூன்று படமும் சமமாக நின்றால் தலைவர் எதைச் சொல்கிறாரோ அதற்குத்தான் விருது, அது விதியாம். "ஓட்டுப் போடுற நேரத்துல நீங்க ஒரு டீ குடிக்கப் போயிருக்கலாமே, சபாநடேசன்." கோபமில்லை. ரொம்பக் களைப்பாகச் சொன்னார்.

இதோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பாராட்டுரை என்று ஒன்று இருக்கிறது. மேடையில் விருது கொடுக்கும்போது படத்தைப் பற்றி நாலு வரி வாசிப்பார்கள். பத்திரிகையிலும் வரும். குழுவில் தமிழ் நன்றாக எழுதுகிறவர் நீங்கள்தான் என்று என்னிடம் தள்ளினார்கள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 'விளக்கேற்றும் விரல்கள்' பற்றி என்ன எழுதுவது? விளக்கு எரிகிறது என்று எழுதலாம். விரல் இருக்கிறது என்று எழுதலாம். மண்டையில் ஒன்றும் வரவில்லை. வேறு ஏதோ நாலு வரி பதினோராம் நாளிலிருந்தே மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை, அதனால் அது அங்கேயே இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டேன். 'ஒரு வீட்டில் வாய்விட்டுச் சொல்லப்படாதவற்றை இந்தப் படம் காதுகொடுத்துக் கேட்கிறது. கதவு சாத்தும் ஓசைக்குள் ஒரு மனிதனின் பத்து வருடங்களை வைத்திருக்கிறது. யாரையும் குற்றம் சொல்லாமல் எல்லோரையும் காட்டிவிடுகிறது.' இன்னொரு வரியும் இருக்கிறது, மறந்துவிட்டது.

புல்லாங்குழல் படத்துக்கு இது. மேடையில் வாசித்தபோது அந்த டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் படத்தின் மௌனத்தை இந்தக் குழுதான் புரிந்துகொண்டது என்று பேட்டி கொடுத்தார். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அவ்வளவு கூட்டத்தில் ஒருவனுக்குத் தோன்றவில்லை, இந்தப் படத்தில் ஏதய்யா மௌனம் என்று.

மயிலாடுதுறையில் ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறது.

கடேசன் அப்போது ஊருக்கே திரும்பிவிட்டான். கல்யாண வீடியோ எடுக்கிறான். பத்திரிகையில் அந்த நாலு வரியைப் படித்துவிட்டு அக்காவுக்குப் போன் பண்ணியிருக்கிறான். அழுதானாம். "அக்கா, இது என் படத்தைப் பத்தி எழுதுனது. அத்தான்தான் எழுதியிருக்காரு. எனக்காக உள்ள சண்டை போட்டிருக்காரு, முடியாமப் போனதும் இதையாவது எழுதி வச்சிருக்காரு." இப்படி. பதினோரு வருஷத்தில் அவன் என்னைப் பற்றி இவ்வளவு நல்லதாகப் பேசி நான் கேட்டதில்லை. இதையும் நேரே கேட்கவில்லை, தையல்நாயகி சொல்லித்தான் தெரியும். அவள் சந்தோஷமாகத்தான் வந்து சொன்னாள். முகமெல்லாம் மாறியிருந்தது. சண்டை போட்டீங்களா என்று கேட்டாள்.

நான் நியாயஸ்தன். பொய்ப் பெருமை எடுத்துக்கொள்ள மாட்டேன். நடந்ததைச் சொன்னேன். எழுந்து நின்றது, தலைவர் கையைப் பிடித்தது, எல்லாம். அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. "நீங்க எதை மொதல்ல எழுதுனீங்க?" என்றாள். சொன்னேன்.

"அந்தப் படம் நல்லா இருந்துச்சா?"

இல்லை என்றேன்.

"தம்பி படம்?"

நல்ல படம் என்றேன். இப்போது உங்களிடம் சொன்னேனே, அதே மாதிரிதான் சொன்னேன்.

"அவன் படத்தை எங்க எழுதுனீங்க?"

இரண்டாவதாக என்றேன். பருப்பு பொங்கி வழிந்தது, அடுப்பை அணைத்தாள். "ரெண்டாவதாச்சும் எழுதுனீங்களே" என்றாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டாள். அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறானாம், அத்தான் எனக்காகப் போராடினார் என்று. அதை அவள் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது. அவளே சொல்லவும் மாட்டாள். "எதை எங்க எழுதுனீங்கன்னு அவன்கிட்ட நீங்களே உங்க வாயால சொல்லுங்க. சொன்ன அன்னிக்கு வரேன்." இதுதான் நிபந்தனை. இத்தனை நாளாக அவள் அங்கே இருக்கிறாள், சொல்லவில்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான். அக்கா இரண்டு வாரம் தங்கிப் போக வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

சொல்வது கஷ்டமில்லை. நான் தப்பு ஒன்றும் செய்யவில்லையே. ஆனால் பாருங்கள், அவன் இப்போதுதான் முதல்முறையாக என்னைப் பற்றி ஒன்று நினைத்திருக்கிறான். அது உண்மையில்லை என்று நானே போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் இவள் வருவாள். சொல்லாவிட்டால் அவன் நினைப்பது அப்படியே இருக்கும். இதுதான் இத்தனை நாளாகத் தொண்டையில். நாலு தடவை கிளம்பினேன். ஒரு தடவை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து திரும்பிவிட்டேன்.

இருங்கள், போன்.

அவன்தான்.

மீன் வாங்கியிருக்கிறானாம். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்கிறான். இன்னொன்றும் சொல்கிறான். சாயங்காலம் அங்கே ஒரு நூலக மாடியில் 'மாடிப் போர்ஷன்' போடுகிறார்களாம். ஐம்பது, அறுபது பேர் வருவார்கள். படம் முடிந்ததும் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். நோட்டீஸ் அடித்துவிட்டார்களாம். நோட்டீஸில் அந்த நாலு வரியைப் போட்டிருக்கிறார்கள், கீழே என் பெயர். கேட்காமல் போட்டுவிட்டேன், கோவிச்சுக்காதீங்க அத்தான் என்கிறான். குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். நாற்பத்தொன்பது வயது ஆளுக்கு அப்படி ஒரு குரல் வரும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அவன் அந்தக் குரலில் பேசியதில்லை.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? சரி என்றுதான் வாயில் வந்தது.

சிதம்பரம் எப்போது போயிற்று? கொள்ளிடம் பாலமா இது? அப்படியானால் நீங்கள் இன்னும் இருபது நிமிஷத்தில் இறங்கிவிடுவீர்கள்.

இல்லை, அங்கே போய்ச் சொல்ல முடியாது. வண்டியில் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொல்லவா? தட்டில் மீனைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பான், அப்போது சொல்லவா? அறுபது பேர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு? உங்களிடம் எத்தனை தடவை சொல்லிவிட்டேன், நல்ல படம், நல்ல படம் என்று. உங்கள் பெயர் கூட எனக்குத் தெரியாது. உங்கள் முழங்கையைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள், சட்டைப் பையில் கை விட வேண்டும். நன்றி. போன் போட்டுவிடுகிறேன். இப்போதே. நீங்கள் இருக்கும்போதே.

அடிக்கிறது.

"கடேசா, நான்தான். இல்ல, பஸ் நல்லாத்தான் வருது. அக்கா பக்கத்துல இருக்காளா? இருக்கட்டும், இருக்கட்டும், போக வேணாம்னு சொல்லு. ஸ்பீக்கர்ல போடு. போட்டியா? அந்த நோட்டீஸ்ல என் பேரு வேணாம். அடிச்சாச்சுன்னா பரவாயில்ல, குடுக்காத. கேளு, குறுக்க பேசாத. நான் சண்டையெல்லாம் போடல. யார்கிட்டயும் போடல. உன் படத்தை நான் மொதல்ல எழுதல. அந்த விளக்குப் படத்தைத்தான் மொதல்ல எழுதுனேன். என்னாலதான் அதுக்குக் கெடச்சுது."

ஒரு நிமிஷம். ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமில்லை.

"இருக்கியா? தையலு, நீயும் கேளு. உன்கிட்ட ரெண்டாவதுன்னு சொன்னேன். ரெண்டாவதா எழுதல. மூணாவதா எழுதுனேன். கப்பல் படத்துக்குக் கீழ. கடைசில."

உங்களிடமும் இரண்டாவது என்றுதான் சொன்னேன். ஆமாம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

"நல்ல படம்டா கடேசா. ரொம்ப நல்லா இருந்துச்சு. அதனாலதான்."

பேசவில்லை. இரண்டு பேரும் பேசவில்லை. வைத்துவிட்டார்களா? இல்லை, பாருங்கள், இதில் விநாடி ஓடுகிறது. நாற்பது, நாற்பத்தொன்று. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நானும் வைக்க மாட்டேன். அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துச் சாத்துங்களேன், காற்றுச் சத்தத்தில் அவர்கள் அங்கே இருப்பது கேட்கவில்லை.